அம்பை வீட்டு ஜீப்பும் அரை இஞ்ச் இடமும்



போன வாரம் குடும்பக் குழுவில் என் தங்கச்சி மகன் ஒரு படம் போட்டிருந்தான். அம்பாசமுத்திரத்தில் அவன் வீட்டுப் புறவாசல், வேப்பமரத்தடி, முன்சக்கரம் இரண்டும் கழற்றி ஸ்டாண்டில் நிற்கிற பழைய மகிந்திரா ஜீப். பின்னால் ஆள் உட்காரும் சீட்டை எடுத்துவிட்டு லோடு ஏற்றுகிற மாதிரி பாடி கட்டிய வண்டி. அந்தப் படம் எப்படியோ பழைய மாணவர்கள் குழுவுக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து போன். "சார், வீட்டிலேயே டிஸ்க் பிரேக் மாத்தினீங்களாமே, நானும் மாத்தலாமா?" கேட்டவர்களில் மூன்று பேர் சொந்தமாக லோடு வண்டி வைத்திருப்பவர்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி முடியாது. அதனால் நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

வேலை நடந்தது 2024 தொடக்கத்தில். காரணம் அதற்கு முந்தைய மாதம் வந்த வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மறந்து ஓடியது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் மருமகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்குச் சாப்பாடும் பாலும் கொண்டு போனான். ஓரிடத்தில் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அதைத் தாண்டி வந்து, காருக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய் ஓரமாக வரும்போது எதிரே மாடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்காமல் இடதுபக்கம் ஒடித்துக்கொண்டு போய், கால்வாய்க் கரையில் ஒரு டயர் ஏறின பிறகுதான் நின்றது. வண்டியில் அவனுடைய பத்து வயது மகளும் இருந்தாள்.

இது ஏன் நடந்தது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஒரு வட்டமான இரும்புப் பானை சக்கரத்தோடு சுற்றும். உள்ளே இரண்டு பிறை வடிவ ஷூ, அவற்றின் மேல் லைனர். மிதித்தால் ஷூ விரிந்து பானையின் உள்சுவரில் உரசும். இதில் ஒரு வித்தை இருக்கிறது. சுற்றுகிற திசைக்கு முகம் கொடுத்து நிற்கிற ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். அதனால் கால் அழுத்தம் குறைவாக இருந்தாலும் பிடிப்பு அதிகம் கிடைக்கும். ஆனால் அதே வித்தைதான் வினையும். ஒரு பக்கம் லைனர் நனைந்து, இன்னொரு பக்கம் காய்ந்திருந்தால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் அது பெருக்கிக் காட்டும். இடது சக்கரம் பிடித்தது, வலது சக்கரம் வழுக்கியது, வண்டி இடதுபக்கம் போனது. அவ்வளவுதான்.

டிஸ்க் பிரேக்கில் தகடு வெளியே காற்றில் சுற்றுகிறது. தண்ணீர் பட்டாலும் சுற்றிற சுற்றில் சிதறிவிடும், மிச்சத்தை பேடு துடைத்துவிடும். சூட்டிலும் அது மேல். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் தகடு சூடானால் தடித்து பேடை நோக்கி வரும்.

சூடு என்றால் எவ்வளவு சூடு? ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். லோடோடு சேர்ந்து வண்டி 2,000 கிலோ. மாஞ்சோலை மலையிலிருந்து மணிமுத்தாறு வரை இறக்கம் 1,000 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 1 கோடியே 96 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 2 லட்சத்து 94 ஆயிரம் ஜூல் போதும். வகுத்துப் பார்த்தால் 66 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம். ஒரு கல்யாண வீட்டு அண்டா. கீழ் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குகிற புத்திசாலிகளுக்கு முழு அண்டாவும் பிரேக்கில்தான். மருமகன் அப்போது மாஞ்சோலைக்கு வாரம் இரண்டு தடவை காய்கறி ஏற்றிக்கொண்டு போய்வந்தான். (அந்தத் தேயிலைத் தோட்டத்தையே 2024 ஜூனில் கம்பெனி நிறுத்திவிட்டது. அது தனிக் கதை, தனித் துயரம்.)

ஆகவே டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்று அவன் முடிவெடுத்ததில் எனக்கு மறுப்பே இல்லை. நானே பாதிப் பணம் தருகிறேன் என்றேன். பிரச்சினை வந்தது பிரேக்கில் இல்லை. ஸ்டியரிங்கில்.

பிந்தைய மாடல் வண்டியிலிருந்து எடுத்த ஹப், தகடு, காலிபர் எல்லாம் மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தான். தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினான். நேராக நிற்கும்போது எல்லாம் அழகாக உட்கார்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முக்கால் வழியில் "டங்" என்று சத்தம். டை ராடு காலிபரின் மூலையில் இடித்தது.

கவனியுங்கள், இதில் ஒரு வடிவியல் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளில் இருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஸ்டியரிங் ஆர்ம். காலிபரும் அதே நக்கிளில்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே திரும்பும், அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளி மாறாது. ஆனால் டை ராடு அப்படி இல்லை. அது இந்தச் சக்கரத்தையும் அந்தச் சக்கரத்தையும் இணைக்கிற நீளக் கம்பி. அதன் முனை மட்டும் ஆர்மில் பந்துமூட்டாகப் பொருந்தியிருக்கும். சக்கரம் திரும்பத் திரும்ப ஆர்முக்கும் கம்பிக்கும் உள்ள கோணம் மாறும். அதனால் நேராக நிறுத்திப் பார்த்து "இடம் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்பி, ஸ்பிரிங் தொங்கும்போதும் அமுங்கும்போதும் பார்க்க வேண்டும்.

தேவைப்பட்டது என்னவோ அரை இஞ்ச் இடம்தான்.

அன்று ராத்திரி தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, கேஸ் வெல்டிங் காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கானுவ. ஸ்டியரிங் கம்பியைக் காய்ச்சி வளைக்கப் போறாங்களாம். நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அவன் நீங்க சொன்னாத்தான் கேப்பான்." மறுநாள் காலை பாளையங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் மாநாடு நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் நல்ல மனுஷர், கை சுத்தமான வேலைக்காரர். அவரிடம் நாலு யோசனை இருந்தது. நாலையும் கேட்டுக்கொண்டேன்.

முதல் யோசனை, ஆர்மை காஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சி அரை இஞ்ச் கீழே வளைப்பது. "சார், நூறு வண்டிக்குச் செஞ்சிருக்கேன்" என்றார். நான் தங்கச்சியிடம் அடுப்படியில் கிடந்த பழைய அரிவாளைக் கேட்டு வாங்கினேன். "இதை ஒரு மணி நேரம் அடுப்புத் தணலில் போட்டு எடுத்தா, அப்புறம் கருவேல முள் வெட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கொல்லர் ஏற்றிய பதம் தணலில் இறங்கிவிடும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டியரிங் ஆர்மும் அப்படித்தான். அது வார்ப்பு இரும்பு இல்லை. சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கிய எஃகு, ஃபோர்ஜிங் என்பார்கள். பிறகு கணக்கான சூட்டில் பதம் ஏற்றியிருப்பார்கள். கண் அளவில் காஸ் விளக்கால் காய்ச்சினால் சூடுபட்ட இடம் ஒரு குணம், பக்கத்து இடம் இன்னொரு குணம் ஆகிவிடும். மெள்ள ஆறினால் மிருதுவாகி வளையும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் விறைத்து அப்பளமாய் நொறுங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும், அதுதான் ஆபத்து.

இரண்டாவது, டை ராடு முனையை மேலிருந்து மாட்டுவதற்குப் பதில் கீழிருந்து மாட்டுவது. இதற்கு ஆர்மில் உள்ள துளையை மறுபக்கத்திலிருந்து ரீமர் போட்டுச் சரிக்க வேண்டும். அந்தத் துளை நேர்த்துளை இல்லை, கூம்பு. மம்பட்டிக் கணையை நினைத்துப் பாருங்கள். கணை கூம்பாகச் சீவி இறுகினால்தான் மம்பட்டி நிற்கும். துளை பெருத்துப்போனால் துணியைச் சுற்றி அடிப்போம், நாலு வெட்டில் கழன்று வந்துவிடும். பந்துமூட்டுத் தண்டும் கூம்பு முழுக்க ஒட்டி உட்கார்ந்தால்தான் பிடிப்பு, நட்டு அதை இறுக்கி வைப்பதற்கு மட்டும்தான். ஏற்கெனவே மேலிருந்து கூம்பாக இருக்கிற துளையைக் கீழிருந்தும் கூம்பாக்கினால் நடுவில் ஒரு வளையம்தான் தொடும். ஒவ்வொரு பள்ளத்திலும் தண்டு துளியளவு அசையும். அசைந்து அசைந்து தண்டின் கழுத்தில் முறியும்.

முறையாக இதைச் செய்கிறவர்களும் உண்டு. துளையைப் பெரிதாக்கி, உள்ளே கூம்பு அறுத்த எஃகு புஷ் அடித்து உட்காரவைப்பார்கள். ஆனால் அப்படிச் செய்தாலும் கம்பியின் உயரம் மாறுகிறது. உயரம் மாறினால் வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். இலைச்சுருள் முன்னச்சு வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள டை ராடு அச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதில் தொல்லை குறைவு. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வருகிற கம்பியைத் தொட்டால்தான் பெரிய தொல்லை. அவர்கள் இரண்டையும் தொடுவதாக இருந்தார்கள்.

மூன்றாவது, ஆர்மையும் காலிபரையும் கிரைண்டரால் தேய்ப்பது. "கொஞ்சம்தானே சார், மேலாப்புல." மேலாப்பில்தான் எல்லாமே இருக்கிறது. வளைகிற தண்டில் அதிகத் தகைவு மேற்பரப்பில் வரும் என்று பிளஸ் டூவில் பிரம்பை வளைத்துக் காட்டியிருக்கிறேனே (அந்தப் பிரம்பு வேறு எதற்கும் பயன்படவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்). கிரைண்டர் போடுகிற ஒவ்வொரு கீறலும் ஒரு சின்ன வெட்டுவாய். துணிக்கடையில் ஓரத்தில் கத்தரிக்கோலால் துளி வெட்டிவிட்டுக் கையால் கிழிப்பார்கள் இல்லையா, அதே கதை.

நாலாவது யோசனை மட்டும்தான் பாதுகாப்பானது. திருப்பத்தை நிறுத்துகிற லாக் போல்ட்டை வெளியே எடுத்துவைத்து, இடிக்கிற அளவுக்குத் திரும்பாமல் செய்வது. ஆனால் மலை ரோட்டுக் கொண்டையூசியில் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல், பாதியில் நிறுத்தி ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். அது வேறு வகை ஆபத்து.

ஆர்ம் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஏன் இருக்க வேண்டும் என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று உரசிக்கொண்டு போகும். அதற்காகத்தான் இரண்டு ஆர்மையும் சாய்வாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சாய்வுக்கோடுகளை நீட்டினால் பின்னச்சுப் பக்கம் போய்ச் சேரும். இதைக் கண்டுபிடித்தவர் லாங்கென்ஸ்பெர்கர் என்ற ஜெர்மன் குதிரைவண்டித் தச்சர். 1818இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட் ஆக்கர்மான். பெயர் என்னவோ ஏஜெண்டுக்குத்தான் நின்றது, இன்றும் ஆக்கர்மான் ஸ்டியரிங் என்றுதான் சொல்கிறோம். தச்சர்களுக்கு எந்தக் காலத்திலும் நடப்பதுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு மருமகன் சொன்னான்: "மாமா, நீங்க சொல்றது புஸ்தகத்துக்குச் சரி. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க." அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு சாக்பீஸும் கேட்டேன்.

இது பழைய பட்டறை முறை. சந்தேகப்படுகிற பாகத்தைச் சுத்தமாகக் கிரீஸ் போகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மேலாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் ஊறிப்போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது ஒரு சந்தோஷமான வேலை. இடது ஆர்ம் வெள்ளையாகவே இருந்தது. வலது ஆர்மில், துளைக்கு இரண்டு விரல்கடை உள்ளே, யாரோ எந்தக் காலத்திலோ கிரைண்டர் போட்ட தடம் இருந்தது. கிரீஸும் மண்ணும் அப்பி அதுவரை கண்ணில் படவில்லை. அந்தத் தடத்தின் அடியிலிருந்து, வெள்ளைத் தூளில், தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு மெள்ள எழும்பி வந்தது.

யாரும் பேசவில்லை. மெக்கானிக் குனிந்து நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு காஸ் வெல்டிங் காரருக்குப் போன் போட்டு "வர வேண்டாம்" என்றார். வண்டி மருமகன் கைக்கு வருமுன் எத்தனை கை மாறியதோ, யார் எதற்குத் தேய்த்தார்களோ, யாருக்குத் தெரியும். அந்தக் கோட்டோடுதான் பேத்தியை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் போயிருக்கிறான். தங்கச்சி உள்ளே போய் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

அதற்கப்புறம் வேலை வேறு திசையில் போனது. இரண்டு நாள் கழித்து நானும் மருமகனும் நக்கிளைத் தூக்கிக்கொண்டு தச்சநல்லூரில் லேத் வைத்திருக்கிற என் மாணவனிடம் போனோம். 1996இல் என்னிடம் பத்தாவது படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். கணக்கில் அவன் வாங்கிய மார்க்கை நான் சொல்லமாட்டேன். இன்றைக்கு மைக்ரோமீட்டரில் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் பார்த்து அறுக்கிறான். முழுக் கதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "சார், பிரேக் போச்சுன்னா கியர் இருக்கு, ஹேண்ட் பிரேக் இருக்கு, ஒண்ணும் இல்லேன்னா வரப்புல ஏத்தி நிறுத்தலாம். ஸ்டியரிங் போச்சுன்னா கையில வட்டமா ஒரு தட்டுதான் சார் இருக்கும். எனக்கு ஸ்டியரிங் வேலை வேண்டாம். பிரேக்கை நகத்திக் குடுக்கேன்."

அவன் செய்தது இதுதான். டிரம்மின் பின்தகடு உட்கார்ந்திருந்த அதே போல்ட் துளைகளில் உட்காருகிற மாதிரி, கனத்த எஃகுத் தகட்டில் ஒரு பிராக்கெட் அறுத்தான். அதில் காலிபரை டை ராடு ஓடுகிற பக்கத்தில் வைக்காமல் அச்சுக்கு எதிர்ப்பக்கம் வைத்தான். அங்கே இடம் தாராளமாக இருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கீறல் விழவில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும். காலிபரை அப்படியே எதிர்ப்பக்கம் சுற்றி வைத்தால், காற்று எடுக்கிற நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும். காற்று மேலேதான் தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் நாள் முழுக்க பெடலை மிதித்தாலும் காற்று போகாது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். அதற்கு இடது காலிபரை வலதுபக்கமும் வலது காலிபரை இடதுபக்கமும் மாற்றிப் போட வேண்டும். கண்ணாடிப் பிம்பம் மாதிரி நிப்பிள் மறுபடி மேலே வந்துவிடும். இதை மருமகன்தான் தானாகக் கண்டுபிடித்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

பிராக்கெட்டைப் பிடிக்கிற போல்ட்டில் லேத்காரன் கறாராக இருந்தான். தலையில் 10.9 என்று பொறித்தது வேண்டும் என்றான். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரர்களே பலர் சொல்லமாட்டார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுந்துபோகிற தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன். புள்ளிக்குப் பின் உள்ளது, அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. 8.8 என்றால் 800, அதில் பத்தில் எட்டு, 640. எண் எதுவும் பொறிக்காத போல்ட் என்றால் அதை வீட்டுக் கதவுக்குப் போடுங்கள். பிரேக் பிடிக்கிற விசை முழுக்க அந்தப் போல்ட்டுகள் வழியாகத்தான் போகிறது.

விரிசல் விட்ட வலது பாகத்துக்கு அதே மாடலின் நல்ல பாகம் தேடி, வாங்குமுன் அதற்கும் சாக்பீஸ் பரிசோதனை வைத்தோம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டை ராடு முனைகள் நாலும் புதிது. நட்டுக்குப் புது ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள், ஒரு டீ விலைகூட இல்லாத சாமான் அது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் வெட்டியாட்டம் இருக்கக்கூடாது, பந்துமூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். எஃப்.சி.க்குப் போகிற அன்று மட்டும் ரப்பர் மூடி வாங்கிப் போடுகிறவர்கள் இந்த விதி யாருக்காக என்று யோசிக்கலாம்.

பிரேக் பக்கம் மிச்சம் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க்கில் டிரம் மாதிரி தானே இழுத்துக்கொள்கிற வித்தை கிடையாது, அதனால் பூஸ்டர் வேண்டும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டர் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது, பேடு உரசிக்கொண்டே இருந்து காய்ந்துவிடும். அதையும் மாற்றினோம். ரப்பர் ஓஸ் முழு லாக்கில் இழுபடக்கூடாது, டயரில் உரசக்கூடாது.

ஒரு இடைச்செருகல். டி.வி.எஸ். நிறுவனத்தை 1911இல் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர். அந்தக் குழுமத்திலிருந்துதான் 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது, இந்தியாவில் ஓடுகிற எத்தனையோ வண்டிகளின் பிரேக் அங்கே செய்ததுதான். களக்காட்டு வாழைத்தோட்டத்து ஓரம் பிறந்தவர் பெயரில் பிரேக் வருகிறது, நாம் அதைக் காஸ் விளக்கால் கெடுக்கலாமா என்று மருமகனைச் சீண்டினேன்.

சட்டம் பற்றிக் கேட்ட இருவருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. பிரேக் வேலை அதற்குள் வருமா வராதா என்று டீக்கடையில் தீர்மானிக்க வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரோட்டில் இறக்குமுன் இந்த இரண்டு கடிதத்தின் நகலும் என் கையில் வர வேண்டும் என்று மருமகனிடம் நிபந்தனை போட்டேன். வந்தது. நாளைக்கு ஒரு விபத்து என்றால், குற்றம் எதிர்வண்டியின் மேலே இருந்தாலும், "வீட்டில் மாற்றிய பிரேக்" என்ற மூன்று வார்த்தை உங்கள் பக்கம் திரும்பும்.

முதல் ஓட்டம் அறுப்பு முடிந்த வயல் பாதையில், ஆள் நடமாட்டம் இல்லாத காலை ஆறு மணிக்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்துத் தடவை, 30இல் பத்துத் தடவை. ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாகத் தளர்த்தி மிதித்துப் பார்த்தோம், நேராக நின்றது. பின்பு மருமகன் வேண்டுமென்றே மடைத் தண்ணீரில் இரண்டு தடவை இறக்கி ஏற்றி, உடனே மிதித்தான். நேராகவே நின்றது. மெக்கானிக் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்த சாக்பீஸ் வித்தையை எனக்கு எழுதிக் குடுங்க" என்றார். இப்போது அவர் பட்டறைச் சுவரில் ஆணியில் ஒரு சாக்பீஸ் டப்பா தொங்குகிறது.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்தோம். பிராக்கெட் போல்ட் ஒன்றும் அசையவில்லை. வலதுபக்க ஓஸ் மட்டும் இலைச்சுருள் ஓரத்தில் லேசாக உரசியிருந்தது, ஒரு கிளிப் போட்டு விலக்கிவிட்டோம்.

படம் கேட்டவர்களுக்கு: போன வாரம் மருமகன் போட்டது பின்சக்கர டிரம்முக்குப் புது லைனர் ஒட்டக் கழற்றியபோது, முன்பக்கத்தையும் சேர்த்துப் பரிசோதித்த படம். அதில் வெள்ளையாகத் தெரிவது பெயிண்ட் இல்லை, சாக்பீஸ். பிராக்கெட்டின் அளவு வேண்டும் என்பவர்களுக்கு நான் தர மாட்டேன். உங்கள் வண்டியின் நக்கிள் வேறு, காலிபர் வேறு. நக்கிளைக் கழற்றிக்கொண்டு தச்சநல்லூருக்கு வாருங்கள், லேத்காரனிடம் கூட்டிப்போகிறேன். திங்கட்கிழமை மட்டும் கடை லீவு.